கிரியாட்டினின் நார்மல்னா நாய்க்கு கிட்னில கேன்சர் இருக்காதா?

தம்பி, நீங்க கேட்டத மத்தவங்களுக்கும் புரியிற மாதிரி முதல்ல சுருக்கமா சொல்லிர்றேன். திருமங்கலத்துல உங்க வீட்டு லேப்ரடார், ஆண், 9 வயசு. ஒரு மாசமா ஒண்ணுக்குப் போறப்ப விட்டு விட்டு ரத்தம் வருது, ஊசி போட்டா நின்ன மாதிரி இருந்துட்டு மறுபடி வருது, ஆள் மெலிஞ்சுட்டான், பின்னங்கால் ஒண்ண லேசா தாங்கித் தாங்கி நடக்குறான். ரத்த டெஸ்ட்ல கிரியாட்டினின், அதாவது கிட்னி வடிகட்டி வெளியேத்த வேண்டிய கழிவு, 1.1, நார்மல்னு வந்துருக்கு. ஆனா ஸ்கேன்ல இடது கிட்னில கட்டின்னு எழுதிட்டாங்க. ரத்தம் ஒண்ணு சொல்லுது ஸ்கேன் ஒண்ணு சொல்லுது, எத நம்புறது, வேற உறுப்புக்குப் பரவியிருக்குமா, ஆபரேஷன் பண்ணலாமா வேணாமான்னு கேட்டிருக்கீங்க. நான் மதுரைப் பக்கம் நாய்களுக்கு வைத்தியம் பாக்குறவன், இந்தக் கேள்விய அடிக்கடி கேக்குறாங்க, அதனால கொஞ்சம் விலாவாரியாவே எழுதுறேன்.

ரெண்டையும் நம்புங்க. ரெண்டும் உண்மைதான். நாய்க்கு கிட்னி ரெண்டு, அந்த ரெண்டுலயும் சேத்து முக்கால்வாசி வேலை செய்ற பகுதி கெட்டாத்தான் ரத்தத்துல கிரியாட்டினின் ஏற ஆரம்பிக்கும். ஒரு கிட்னி முழுசா கட்டியாவே மாறிப் போனாலும் பாதிதான் போயிருக்கு, மிச்சப் பாதிய வச்சுக்கிட்டு இன்னொரு கிட்னி கொஞ்சம் பெருத்து எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யும், ரிப்போர்ட்டுல எல்லாம் நார்மல்னே வரும். இன்னொண்ணு, கிரியாட்டினின் வர்றது சதையில இருந்து, நாய் மெலிஞ்சு சதை கரைஞ்சு போச்சுன்னா அந்த நம்பர் இருக்க வேண்டியத விட கம்மியாவே காட்டும், அதுலயும் ஏமாறக்கூடாது. எஸ்டிஎம்ஏ-ன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அது கிரியாட்டினினுக்கு முன்னாடியே ஏறும், கிடைச்சா எடுங்க, ஆனா அதுவும் கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னுதான் சொல்லுமே ஒழிய கட்டி இருக்கா இல்லையான்னு சொல்லாது. கட்டிய காட்டுறது ஸ்கேன் மாதிரி படம்தான்.

அதனால உங்க 1.1-ஐ நான் இப்படித்தான் படிப்பேன்: கேன்சர் இல்லைங்கிறதுக்கு அது சாட்சி இல்ல, ஆனா வலது கிட்னி பாரத்தத் தாங்குதுங்கிறதுக்கு நல்ல அடையாளம். ஆபரேஷன் பத்தி யோசிக்கவே இடம் இருக்குன்னா அது இந்த நம்பராலதான்.

இப்ப ரத்தம் வந்ததும் டாக்டர் முதல்ல கேன்சர்னு நினைக்கலையேன்னு வருத்தப்பட்டுருக்கீங்க. நினைக்காதது தப்பில்ல தம்பி. நாய்க்கு வர்ற கட்டிகள் எல்லாத்துலயும் கிட்னிலயே ஆரம்பிக்கிற கட்டி நூத்துக்கு ரெண்டு கூட இருக்காது. நம்ம ஊர்ல ஒண்ணுக்கு செவப்பா போச்சுன்னா முதல்ல நினைக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல், மழைக்காலமா இருந்தா எலிக்காய்ச்சல், அப்புறம் கல்லு, ஆண் நாய்க்கு மூத்திரப் பைய ஒட்டி இருக்குற பிராஸ்டேட் சுரப்பி, வெளிய சுத்துற நாய்னா இனச்சேர்க்கையில தொத்துற கட்டி. இந்தக் கடைசி வகைய டிவிடி (TVT)ன்னு சொல்வோம், குறியில இருந்து சொட்டுச் சொட்டா ரத்தம் வடியும், பாக்கப் பயமா இருக்கும், ஆனா வின்கிரிஸ்டின் ஊசி வாரத்துக்கு ஒண்ணுன்னு சில வாரம் போட்டா பெரும்பாலும் முழுசா கரைஞ்சுரும், அத கிட்னி கேன்சரோட போட்டுக் குழப்பிக்கக் கூடாது.

வீட்லயே ஒண்ணு பாக்கலாம். காலைல வெள்ளன அவன வெளிய கூட்டிட்டுப் போறப்ப ஒரு பழைய குழம்புக் கரண்டியக் கையில வச்சுக்கங்க, அவன் காலைத் தூக்குனதும் பின்னாடி இருந்து நீட்டிப் பிடிச்சு ஒரு கண்ணாடி டம்ளர்ல ஊத்தி அசையாம வைங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அடில செவப்பா படிஞ்சு மேல மஞ்சளாத் தெளிஞ்சா அது ரத்தம். எம்புட்டு நேரம் வச்சாலும் தெளியாம முழுசும் கருங்காப்பி கலர்லயே நின்னா அது பெரும்பாலும் உண்ணிக் காய்ச்சல்ல ரத்த அணு உடைஞ்சு வர்ற சாயம், அது வேற கதை, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அதோட ரத்தம் எப்ப வருதுன்னும் கவனிங்க, ஆரம்பத்துல மட்டும் வந்து அப்புறம் தெளிஞ்சா குழாயோ பிராஸ்டேட்டோ, கடைசில மட்டும் வந்தா பெரும்பாலும் மூத்திரப் பை, ஆரம்பத்துல இருந்து கடைசி வரை ஒரே மாதிரி செவப்பா வந்தா கிட்னிப் பக்கம் சந்தேகப்படலாம். சில சமயம் நூல் புழு மாதிரி நீளமா ரத்தக்கட்டி வரும், அது கிட்னில இருந்து இறங்குற மெல்லிய குழாய்ல உறைஞ்சு வர்றது. கையில உறை போட்டுக்கங்க, கேன்சர் மனுசனுக்குத் தொத்தாது, வீட்ல பிள்ளைங்க இருக்கேன்னு பயப்பட வேண்டாம், ஆனா எலிக்காய்ச்சல் இல்லைன்னு உறுதியாகுற வரைக்கும் அந்த மூத்திரத்துல கவனமா இருக்கணும், அது மனுசனுக்கும் வரும்.

கட்டின்னு சொன்னாலும் எல்லாம் ஒரே சாதி இல்ல. வயசான நாய்ல அதிகமா வர்றது கிட்னிக்குள்ள இருக்குற நுண்குழாய்ல ஆரம்பிக்கிற கார்சினோமா, ஆண் நாய்க்குக் கொஞ்சம் கூடுதல், ஏழெட்டு ஒம்பது வயசுல வரும். சார்கோமா வகை வேற, அது தசை, இணைப்புத் திசு மாதிரி இடத்துல ஆரம்பிக்கிறது. லிம்போமான்னா, அதாவது வெள்ளை அணுக்கள்ல வர்ற கேன்சர்னா, பெரும்பாலும் ரெண்டு கிட்னியும் சேந்து வீங்கும், அதுக்குக் கத்தி வைக்கிறது இல்ல, கீமோதான். சின்ன வயசு நாய்க்கு நெஃப்ரோபிளாஸ்டோமான்னு ஒண்ணு உண்டு, அது அபூர்வம். இது போக, வேற எங்கயோ ஆரம்பிச்சு கிட்னிக்கு வந்து சேர்ற கட்டியும் உண்டு, இதயம் ஒவ்வொரு தடவையும் தள்ளுற ரத்தத்துல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கிட்னிக்குத்தான் போகுது, அதனால மண்ணீரல்ல இருக்குற கேன்சர் கூட அங்க வந்து உக்காரலாம். ஸ்கேன் பாத்தவர் மண்ணீரல், ஈரல், கிட்னி பக்கத்துல இருக்குற அட்ரினல் சுரப்பி, மூத்திரப் பை எல்லாத்தையும் பாத்து எழுதிருக்காரான்னு ரிப்போர்ட்ட ஒருக்கா படிங்க. இல்லைன்னா மறுபடி ஒரு முழு வயித்து ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க, இதுல சிக்கனம் பாக்காதீங்க.

ஜெர்மன் ஷெப்பர்டு வச்சிருக்கவங்க இத மட்டும் குறிச்சு வச்சுக்கங்க. அந்த ஜாதில பரம்பரையா ஒரு கிட்னி கேன்சர் உண்டு, முதல்ல கால்லயும் தலையிலயும் தோலுக்கு அடில கெட்டியா, வலி இல்லாத முடிச்சு முடிச்சா வரும், கிட்னில ரெண்டு பக்கமும் நீர்க்கட்டியோட கேன்சர் வரும், பொட்டை நாய்க்குக் கர்ப்பப்பையிலயும் கட்டி வரும். எஃப்எல்சிஎன்-ங்கிற ஒரு ஜீன்ல இருக்குற கோளாறு இது, அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருந்தாலே குட்டிகள்ல பாதிக்கு வர வாய்ப்பு இருக்கு. அதனால ஷெப்பர்டுக்குக் கால்ல முடிச்சு வந்தா கொழுப்புக் கட்டின்னு விட்டுறாம கிட்னி ஸ்கேன் எடுங்க, அந்த நாய இனப்பெருக்கத்துக்கு விடாதீங்க.

சரி, உங்க முக்கியமான கேள்வி, மத்த உறுப்புக்கு என்ன ஆகும்ங்கிறது. இது ரெண்டு வழியில நடக்கும், ஒண்ணு கட்டியே பரவிப் போறது, இன்னொண்ணு கட்டி பரவாமலே இருந்த இடத்துல இருந்துக்கிட்டு உடம்பு பூரா வம்பு பண்றது. ரெண்டாவத நிறையப் பேர் கணக்குல எடுக்குறதே இல்ல.

பரவுறதுல முதல் இடம் நுரையீரலுக்கு. கிட்னில இருந்து வர்ற ரத்தம் முதுகெலும்ப ஒட்டிப் போற பெரிய ரத்தக்குழாய்ல விழுந்து, இதயத்தோட வலது பக்கம் போய், நேரா நுரையீரலுக்குத்தான் போகுது, அங்க இருக்குற மெல்லிய குழாய்ல கேன்சர் செல்லு மாட்டிக்கும். இருமல் வரலையே அப்ப நுரையீரல் நல்லாத்தான் இருக்குன்னு நினைக்காதீங்க, ரொம்ப முத்துற வரைக்கும் இருமாத நாய்கள் ஏராளம். 82 நாய்கள வச்சு 2006-ல வந்த ஒரு ஆய்வுல, கண்டுபிடிக்கிறப்பவே ஆறுல ஒரு நாய்க்கு நுரையீரல்ல பரவியிருந்தது எக்ஸ்ரேல தெரிஞ்சது, இறக்குறப்ப முக்கால்வாசிக்கும் மேல பரவியிருந்துச்சு. அதனாலதான் சொல்றேன், கிட்னில கட்டின்னதும் அடுத்து எடுக்க வேண்டியது நெஞ்சு எக்ஸ்ரே, ஒண்ணு இல்ல, இடது பக்கம் படுக்கப் போட்டு ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு, மல்லாக்க ஒண்ணுன்னு மூணு. ஒரு பக்கம் படுத்தா கீழ இருக்குற நுரையீரல் அமுங்கிரும், அந்தப் பக்கத்துக் கட்டி தெரியாது. ஒரே படத்தப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொன்னா ஒத்துக்காதீங்க.

அப்புறம் பக்கத்துல இருக்குற நிணநீர் முடிச்சுகள், ஈரல், அட்ரினல், எலும்பு, எப்பவாவது மூளை. மூளைக்குப் போனா வலிப்பு வரும், நடத்தை மாறும். எலும்புக்குப் போனா நொண்டுவான், லேசா தட்டுனாலே உடையலாம். கட்டி சில சமயம் அந்தப் பெரிய ரத்தக்குழாய்க்குள்ளயே வளந்து அடைக்கும், அப்ப ரெண்டு பின்னங்காலும் வீங்கும், வயித்துல தண்ணி கோக்கும். வலது கிட்னி ஈரலையும் அந்தக் குழாயையும் ஒட்டி இருக்குறதால வலது பக்கக் கட்டிக்கு ஆபரேஷன் இன்னும் கஷ்டம், உங்களுக்கு இடதுங்கிறது அந்த வகையில கொஞ்சம் நல்லது.

இப்ப பரவாமலே பண்ற வேலை. கிட்னிதான் எலும்பு மஜ்ஜைக்கு ரத்த அணு செய்யச் சொல்லி உத்தரவு போடுற எரித்ரோபாய்ட்டின் ஹார்மோன சுரக்குது. சில கட்டிகள் இத அளவில்லாம சுரக்கும், அப்ப ரத்தம் கெட்டியாயிரும், பிசிவி, அதாவது ரத்தத்துல செவப்பணு எத்தனை சதவீதம்ங்கிற கணக்கு, 55-க்குள்ள இருக்க வேண்டியது 65, 70-க்கு மேல போகும், ஈறு செங்கல் கலர்ல செவந்து கிடக்கும், பாக்குறவங்க நாய் நல்ல ரத்தமா இருக்குன்னு சந்தோசப்படுவாங்க, ஆனா உள்ள ரத்தம் ஓட முடியாமத் திணறிக்கிட்டு இருக்கும், வலிப்பு கூட வரலாம். இதுக்கு ரத்தத்த எடுத்து வெளியேத்தி, பதிலுக்கு ட்ரிப்ஸ் ஏத்துவோம், கட்டிய எடுத்தா தானா இறங்கிரும். அதே நோய் இன்னொரு நாய்ல நேர்மாறா ரத்தசோகையக் கொண்டு வரும், தினமும் மூத்திரத்துல ரத்தம் போறதாலயும் நாள்பட்ட நோயாலயும். அவன் உதட்டத் தூக்கி ஈறப் பாருங்க, விரலால அமுக்கி எடுத்தா வெளுத்த இடம் ரெண்டு செகண்டுக்குள்ள மறுபடி ரோஸ் கலருக்கு வரணும். வெள்ளையா கிடந்து, ஆளும் தள்ளாடுனா கட்டி உள்ளுக்குள்ள உடைஞ்சு ரத்தம் கொட்டுறதா இருக்கலாம், ராத்திரியா இருந்தாலும் கிளம்பிரணும். இதனாலதான் கட்டி எங்க இருக்குன்னு வீட்ல ஆளாளுக்கு வயித்த அமுக்கிப் பாக்க வேண்டாம்னு சொல்றது.

கிட்னி கெட்டா ரத்தக்கொதிப்பு ஏறும், மேல் அளவு 160-ஐத் தாண்டி நின்னுச்சுன்னா முதல் அடி கண்ணுக்குத்தான், விழித்திரை கழண்டு ஒரே நாள்ல பார்வை போயிரும், நேத்து வரைக்கும் நல்லா இருந்தவன் இன்னைக்குக் கதவுல முட்டுவான். இதயமும் தடிக்கும். நாய்க்கும் பிரஷர் பாக்குற மிஷின் இருக்கு, கேட்டு எடுங்க, அதுக்கு மாத்திரையும் இருக்கு. சில கட்டி ரத்தத்துல கால்சியத்த ஏத்தும், அப்ப தண்ணியா குடிச்சுத் தண்ணியா போவான், மலச்சிக்கல் வரும், ஏறுன கால்சியம் நல்லா இருக்குற கிட்னியையும் சேத்துக் கெடுக்கும். நம்ம ஊர் சித்திரை வெயில்ல தண்ணி அதிகமா குடிக்கிறத யாரும் சந்தேகப்படுறது இல்ல, வெயிலுக்குக் குடிக்கிறான்னு விட்டுர்றாங்க, அதனால கிண்ணத்துல அளந்து ஊத்துங்க, ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல போனா டாக்டர்ட்ட சொல்லணும்.

உங்க பையன் கால் தாங்குறதுக்கு வர்றேன். லேப்ரடாருக்கு 9 வயசுல இடுப்பு மூட்டு தேய்மானமாவே இருக்கலாம், அதுதான் அதிகம் நடக்கும். ஆனா கிட்னில கட்டி இருக்குற நாய் நொண்டுனா மூட்டு வாதம்னு மாத்திரை குடுத்து அனுப்பக் கூடாது, கால் எக்ஸ்ரே எடுத்தே ஆகணும். எலும்புக்குப் பரவியிருக்கான்னு பாக்குறது ஒண்ணு. இன்னொண்ணு, கட்டி எங்கயோ இருக்க, கால் எலும்பு மேல புது எலும்பு படை படையா வளர்ற ஒரு நிலைமை இருக்கு, பொதுவா நாலு காலும் கீழ்ப்பக்கம் சூடா, வீங்கி, தொட்டா வலிக்கும். பெரும்பாலும் நெஞ்சுக்குள்ள கட்டி இருந்தா வரும், அரிதா வயித்துக் கட்டிலயும் வரும். பாக்க எலும்பு கேன்சர் மாதிரியே இருந்தாலும் இது பரவுனது இல்ல, மூலக் கட்டிய எடுத்தா இது தன்னால வடியும். எக்ஸ்ரேல ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியும், இத வச்சே சிகிச்சையோட திசை மாறும்.

ஆபரேஷன். ஒரு பக்கம் மட்டும் கட்டி, நெஞ்சு சுத்தம், மத்த உறுப்பு சுத்தம், வலது கிட்னி நல்லா இருக்கு, ரத்தம் ஓரளவு இருக்கு, இந்த அஞ்சும் சேந்து வந்தா நான் பண்ணச் சொல்லுவேன், தயங்க மாட்டேன். கிட்னியையும் அதுல இருந்து இறங்குற குழாயையும் சேத்தே எடுப்பாங்க. ஒரு கிட்னியோட நாய் நல்லாவே வாழும். முன்ன சொன்ன அதே ஆய்வுல கார்சினோமா இருந்த நாய்கள் நடுவாந்திரமா 16 மாசம் இருந்துச்சு, சார்கோமா 9 மாசம், நெஃப்ரோபிளாஸ்டோமா 6 மாசம். நடுவாந்திரம்னா பாதி நாய் அதுக்கு மேலயும் இருந்துச்சுன்னு அர்த்தம். 9 வயசு லேப்ரடாருக்கு 16 மாசம்ங்கிறது சின்ன விசயம் இல்ல தம்பி. எடுத்த கட்டிய ஃபார்மலின்ல போட்டு கண்டிப்பா பயாப்சிக்கு, அதாவது மைக்ரோஸ்கோப்புல பாக்க, அனுப்பச் சொல்லுங்க, செல்லு எவ்வளவு வேகமாப் பிரியுதுன்னு அதுலதான் தெரியும், மெதுவாப் பிரியிற வகைன்னா நாய் இன்னும் ரொம்ப நாள் இருக்கும். கார்சினோமாவுக்குக் கீமோ குடுத்தா ஆயுசு கூடுதுன்னு தெளிவா நிரூபிக்கப்படல, அதனால அதுக்குக் கடன் வாங்காதீங்க, லிம்போமான்னு வந்தா கீமோதான் வழி, ஆனா கிட்னி லிம்போமால பலன் பெரும்பாலும் ரொம்ப நாள் நிக்காது. ஆபரேஷனுக்கு முன்னாடி ஊசி குத்தி செல்லு எடுக்கிறதுல ரத்தம் கசியவும் கட்டி செல்லு சிந்தவும் வாய்ப்பு இருக்கு, எடுக்கிறதுன்னு முடிவான ஒத்தைக் கட்டிக்கு அது தேவையான்னு சர்ஜன்ட்ட கேட்டுக்கங்க.

எங்க பண்றதுன்னு கேட்டா, எக்ஸ்ரே, ரத்தம், ஸ்கேன் வரைக்கும் மதுரைலயே முடிச்சுக்கலாம். ஆபரேஷனுக்கு சென்னை வேப்பேரில இருக்குற மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி, இல்லைன்னா நாமக்கல், திருநெல்வேலி கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல விசாரிங்க, பெரிய ரத்தக்குழாய்ப் பக்கத்துல கை வைக்கிற வேலை இது, பழகுன கையும் மயக்க மருந்து டாக்டரும் வேணும், ரத்தம் ஏத்த இன்னொரு பெரிய ஆரோக்கியமான நாயும் தயாரா இருக்கணும். தெருவுல யார்ட்டயாவது ராஜபாளையமோ லேப்ரடாரோ இருந்தா இப்பவே பேசி வச்சுக்கங்க.

பரவிருச்சுன்னு வந்தா அவனுக்கு ஆபரேஷன் வேண்டாம். வாந்திக்கு, வலிக்கு, பிரஷருக்கு மருந்து இருக்கு, சாப்புட வைக்கலாம், இருக்குற நாள நல்லா வச்சுக்கலாம். வாயில புண்ணு வந்து மூச்சுல மூத்திர வாடை அடிச்சு, ரத்த வாந்தி எடுத்து, நீங்க கூப்புட்டும் வாலாட்டாத நிலைமைக்கு வந்துட்டான்னா அப்ப தூங்க வைக்கிறதப் பத்தி டாக்டர்ட்ட பேசுறது பாவம் இல்ல, அந்த வலிய இழுத்தடிக்கிறதுதான் கொடுமை.

இப்போதைக்கு வீட்ல என்ன செய்யக்கூடாதுன்னு சொல்லிர்றேன். கால் வலிக்குதேன்னு மெடிக்கல் ஷாப்புல புரூஃபென், டைக்ளோஃபினாக், பாராசிட்டமால் எதையும் வாங்கிப் போடாதீங்க, மிச்சம் இருக்குற ஒரு கிட்னியையும் வயித்தையும் ஈரலையும் அது பதம் பாத்துரும். நாய்க்குக் குடுக்குற மெலாக்சிகாம் கூட டாக்டர் சொல்லாம வேணாம். ஊசி போடுறவங்க யாரா இருந்தாலும் கிட்னில கட்டின்னு முதல்லயே சொல்லிருங்க, ஜென்டாமைசின், அமிக்காசின் மாதிரி ஊசி கிட்னியக் கெடுக்கும். வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சி முள்ளுக் கஷாயம், சிறுபீளைன்னு ஆளாளுக்குச் சொல்லுவாங்க, நல்ல மனசோடதான் சொல்றாங்க, ஆனா இதெல்லாம் கட்டியக் கரைக்காது, அதுக்காகக் காத்திருக்குற வாரங்கள் திரும்பக் கிடைக்காது. புரதத்தக் குறைக்கணும்னு வெறும் தயிர் சோறு போடாதீங்க, கிரியாட்டினின் நார்மலா இருக்குற வரைக்கும் முட்டை, வேகவச்ச கோழி குடுக்கலாம், ஏற்கனவே மெலிஞ்சு போய்க் கிடக்கான். உப்பு, மசாலா, எலும்பு வேண்டாம். தண்ணி எப்பவும் பக்கத்துலயே இருக்கட்டும்.

தூங்குறப்ப அவன் மூச்ச ஒரு நிமிசம் எண்ணிப் பாருங்க, 30-க்குள்ள இருக்கணும், தினமும் அத விடக் கூடிக்கிட்டே போனா நெஞ்சுல ஏதோ நடக்குதுன்னு அர்த்தம். நாளைக்கே மூணு நெஞ்சு எக்ஸ்ரே, பின்னங்கால் எக்ஸ்ரே, பிசிவி, கால்சியம், ஆல்புமின், பிளேட்லெட், பிரஷர், மூத்திர டெஸ்ட் இவ்வளவையும் எடுத்துருங்க, எக்ஸ்ரேவ ரிப்போர்ட்டா மட்டும் வாங்காம படமாவே வாங்கி வச்சுக்கங்க, சென்னையில அதத்தான் கேப்பாங்க. எடுத்துட்டு இங்கயே போடுங்க, நான் பாத்துட்டுச் சொல்றேன்.